அண்ணாச்சி வீட்டுத் தங்கமீன்களும் பாபநாசத்துப் பொரியும்

பிறரைப் பட்டினி போடுவதற்காகவே சம்பளம் தரும் தொழில், எனக்குத் தெரிந்து தங்கமீன் பராமரிப்பு ஒன்றுதான். கண்ணாடித் தொட்டியின் முன் காவல் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் படித்துவிட்டு எனக்காக இரங்கினால் போதும்.

வேலை கிடைத்த விதம்

ஐம்பது வயதுக்கு மேல், பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை போய் நான் நின்ற சமயத்தில், வண்ணார்பேட்டைப் பஞ்சு வியாபாரி அண்ணாச்சிக்குக் கொழும்பிலிருந்து கப்பலில் மூன்று தங்கமீன்கள் வந்தன. உருண்டை வயிறு, முந்தானை போல விரிந்த வால். மீன் வளர்ப்பு பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது, நான் போனேன்.

உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. ஆற்றுத் தண்ணீரை ஓர் இரவு தெளியவிட்டு, தினமும் பழையதில் கொஞ்சம் எடுத்துப் புதியதைச் சேர்க்க வேண்டும். தொட்டித் தண்ணீரைச் செம்பில் மோந்து, காப்பி ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றினால் மீனுக்கு நன்றாக மூச்சு வரும். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை.

“மீனு இருக்கிற வரைக்கும் நீரு இருப்பீரு வே.”

பொரி

பாபநாசத்தில் ஆற்று மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்பது நம் ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். அவ்வளவு தூரம் மாட்டுவண்டியில் குலுங்கிப் போவதைவிட அண்ணாச்சி வீடு சௌகரியம் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். பஞ்சு விற்க வந்தவர், சம்பந்தம் பேச வந்தவர், எல்லார் மடியிலும் பொரி. தங்கமீனுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. தின்ற பொரி வயிற்றில் ஊறி உப்பும். தின்னாத பொரி அழுகி, தண்ணீர் கஞ்சியாகும்.

நான் இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டியை மறித்து நின்றேன். ஒரு ஜீவனின் தீனியை மறிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கும்போதே, பேட்டையிலிருந்து வந்த தரகர் வேறொன்று கேட்டார்.

“ஏன் வே, ஒங்க வேதத்துல மீனுக்கும் உபவாசம் உண்டோ?”

உடம்புச் சூடு

மூன்றில் ஒன்றுக்குக் கண்கள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் ஜாதியே அப்படி. சமையல் பார்க்கும் தவசிப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. உடம்புச் சூடுதான் காரணம் என்று தீர்மானித்து, ஒரு சனிக்கிழமை காலையில் தொட்டிக்குள் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுவிட்டார்.

எண்ணெய் மேலே ஏடு போலப் படர, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு தவித்தன. அண்ணாச்சியின் கிட்டங்கியிலிருந்து பஞ்சை அள்ளி வந்து எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தேன். பாதித் தண்ணீரையும் மாற்றினேன். தவசிப்பிள்ளை பக்கத்திலேயே நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஒழுங்கா எண்ணெ தேச்சுக் குளிச்சிருந்தா ஒம்ம கண்ணும் இப்படிப் பிதுங்காது வே.”

சயனம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ பொரியைக் கொட்டிவிட்டார்கள். மறுநாள் பெரிய மீன் ஒருக்களித்து மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணாச்சியின் அக்காவோ, “பெருமாள் பள்ளிகொண்ட கோலம்லா இது!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருப் பெண்கள் திரண்டார்கள். கற்பூரத்தைத் தள்ளி வைத்துக் கொளுத்தச் சொன்னேன். பொரியை மட்டும் தொட்டிக்குள் போட விடவில்லை.

சில நாள் பட்டினி. பிறகு பச்சைப் பயறை வேகவைத்து, தோலுரித்து, ஒரு துளி கொடுத்தேன். மீன் நிமிர்ந்து நீந்தியது. கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லித் திரும்பினால், மானூரிலிருந்து வந்திறங்கிய ஒரு குடும்பம் என்னை முறைத்துக்கொண்டு நின்றது.

“நாங்க வண்டி கட்டி வந்த அன்னைக்குத்தானா இதை எழுப்பிவிடணும்?”

அண்ணாச்சியின் மடி

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போன அண்ணாச்சி, மடியில் மிச்சப் பொரியோடு திரும்பி வந்தார். நேரே தொட்டிக்குப் போனார். “எளச்சுப் போச்சே!” என்று கை நிறையப் பொரி அள்ளினார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். கணக்குப்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எனக்குச் சோறு போடும் கை அது.

“விடும் வே.”

“போட்டா செத்துரும் அண்ணாச்சி. செத்தா என்னைப் போகச் சொல்லுவீக. கையைப் பிடிச்சதுக்கும் போகச் சொல்லுவீக. மீனாவது இருக்கட்டும்.”

அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பொரியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

“மீனுக்குன்னு எடுத்த பொரி, யார் வயித்துக்காவது போகணும்லா. நின்னு தின்னும் வே.”

நின்று தின்றேன். மூன்று மீன்களும் கண்ணாடியோரம் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி என்னையே பார்த்தன. அன்று முதல் அந்த வீட்டுக்குப் புண்ணியம் தேடி வருபவர்கள் எல்லாரும் பொரியை எனக்கே போடுகிறார்கள். ஆகவே மீன்கள் மூன்றும் சௌக்கியம், நான்தான் ஒருக்களித்துக் கிடக்கிறேன்.