கற்பூரத்துக்குக் கதவு வேண்டாம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், சளி பிடித்திருந்த என் ஐந்து மாத மகள், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த, நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா, நர்சிங் படிக்கும் என் தங்கை. கணவர் கிரிவலப் பாதையில் எங்கள் கற்பூரக் கடையில் இருந்தார். மறுநாள் பௌர்ணமி, அவர் வர வழியில்லை.

அண்ணி நாட்டு மருந்துக் கடையில் கற்பூரத் தைலம் வாங்கி வந்திருந்தார். மோந்து பார்த்துவிட்டு, காரம் கம்மி என்று கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கி, எங்கள் கடைக் கட்டிகளையும் நொறுக்கிப் போட்டார். கட்டிகள் எண்ணெயில் காணாமல் போயின. குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

எனக்கு எதற்கும் பயம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். தங்கையின் முகத்தைப் பார்த்தேன், பயம் கூடியது.

வேண்டாம் என்றாள் அவள். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனதாம். தண்ணீரில் கரையும் உப்பும் சர்க்கரையும் அதைத் தாண்டத் தனிக் கதவு வேண்டும். எண்ணெயோடு சேர்கிற, முனைவற்ற மூலக்கூறுகளுக்குக் கதவே வேண்டாம். ஜாஸ்தி இருக்கும் பக்கத்திலிருந்து கம்மியான பக்கத்துக்குத் தாமாகவே நழுவிப் போகும். கற்பூரம் ஏறக்குறைய அந்த ஜாதி. தோலைத் தாண்டி ரத்தம், அங்கிருந்து மூளை. பச்சைக் குழந்தையின் ஈரலால் அதைச் சீக்கிரம் கழிக்க முடியாது, வலிப்புகூட வரலாம் என்றாள்.

அண்ணி என்னைத்தான் பார்த்தார்.

"சாமிக்குக் காட்றது புள்ளைக்கு ஆகாதா? ஒம்பதாவதுல நின்னவ, நீ எனக்குப் பாடம் எடுக்கப் போறியா?"

"நான் படிக்கலதான் அண்ணி. கட்டி எண்ணெய்ல மறைஞ்சத நீங்களும்தான பாத்தீங்க? எம் பொண்ணுக்குள்ளயும் அப்படித்தான் போவும். தடவ விடமாட்டேன்."

கிண்ணத்தையும் பாட்டிலையும் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். விஷயம் தெரிந்து கணவர் போன் செய்தார், அக்காவிடம் மன்னிப்புக் கேள் என்றார். முடியாது என்று வைத்துவிட்டேன்.

சளி தானாகப் போனது. தைலம் பூசியிருந்தாலும் போயிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார் அண்ணி. இருக்கலாம். என் பெண்ணை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம், நாலு பேர் முன்னால், கொட்டிய தைலத்துக்குக் காசு கேட்கிறார். தரப்போவதில்லை. நூற்று நாற்பது ரூபாய்.