டிராம்காரர் மனைவி ஊர் பார்த்த நாள்

முப்பத்தோரு வருஷம் லிஸ்பனில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர் அர்மிந்தோ. ஊரில் வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் ஊரைக் காட்டிய மனுஷன், கட்டிய மனைவியை மட்டும் எங்கும் கூட்டிப்போனதில்லை. தியோலிந்தா ஓட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே காலத்தைத் தள்ளியவள். மலைமேல் மடாலயத்தின் மொட்டைமாடியில் நின்றால் ஆறு கடலில் சேரும் இடம்வரை தெரியுமாம். எங்கிருந்தோ வந்தவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கூட்டிப்போகச் சொன்னால் அவர், "அது எங்க ஓடிப்போகப் போகுது?" என்பார்.

மாடி ஓடவில்லைதான். அவள் முழங்கால் தேய்ந்துபோனது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறும் பேச்சே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை, எந்தச் சாக்கையும் காதில் வாங்காமல் அவரைக் கிளப்பிவிட்டாள். ஐந்து மணிக்குமேல் மாடிக்கு ஆள் விடமாட்டார்கள். அதையும் காலையிலிருந்து நாலு தடவை சொல்லியாயிற்று.

சொல்லி என்ன பயன்? முதலில் வந்த டிராமில் அவர் ஏறவில்லை. பிரேக் பிடிக்கிற லட்சணம் சரியில்லையாம். பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்ததும் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்த கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். அது முடிந்து, காப்பி குடிக்க நின்ற இடத்தில் இன்னொரு கூட்டாளி. தியோலிந்தா மணியைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள்.

நாலரை மணிக்கு ஒருவழியாக டிராம் மலை ஏறியது. மடாலயத்துக்குக் கீழே கடைசித் திருப்பத்தில் நின்றுவிட்டது. எவனோ காரைத் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்திவிட்டு எங்கேயோ போயிருந்தான். இந்த ஊரில் வாரத்துக்கு நாலு தடவை நடக்கிற கூத்துதான். ஓட்டிவந்த இளம்பெண் அலட்டிக்கொள்ளாமல் மணியை அடித்தாள்.

அர்மிந்தோ இறங்கிவிட்டார். காரின் பக்கக் கண்ணாடியை மடக்கினார், குனிந்து இடைவெளியை விரலால் அளந்தார். பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்த ஆறு ஆள் வேண்டும் என்று ஆள் சேர்க்கத் தொடங்கினார்.

"ஏங்க, இங்கருந்து பத்து நிமிஷ நடை. வாங்க போயிடலாம்."

"வண்டிய நடு ரோட்டுல விட்டுட்டு எப்படி வர்றது?"

"அது உங்க வண்டி இல்லீங்க. நீங்க ரிட்டயராகி மூணு வருஷமாச்சு."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் முழங்கால் வலிகூட உறைக்கவில்லை. விறுவிறுவென்று ஏறினாள். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வாசற்கதவைத் தொட்டாள். நூற்றுப் பன்னிரண்டு படி. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனதில் மாடி வந்துவிட்டது.

ஆறு தெரிந்தது. வெயிலில் பளபளவென்று, கேட்டதைவிட அகலமாக இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது கீழே டிராம் மணிச் சத்தம். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனாலும் பார்த்தாள்.

காரின் சொந்தக்காரன் எதிர்க் கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். காரை எடுத்தான். நடுத்தெருவில் நின்ற அர்மிந்தோ, வண்டிக்கு வழிவிடும் தோரணையில் கையை உயர்த்தி ஆட்டினார். டிராம் நகர்ந்தது, அவரைத் தாண்டி அதுபாட்டுக்குப் போனது. நாலு எட்டு ஓடிப் பார்த்து நின்றார். உயர்த்திய கையை உடனே இறக்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து, இந்தக் காலோடு ஏறிவந்த இடத்திலும் இந்த மனுஷனைத்தானே பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் நடந்து மேடேறித் திருப்பத்தில் மறையும்வரை அவள் ஆற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கி வெளியே வந்தபோது, ஐந்து மணிக்குமேல் ஆள் விடாமல் சாத்திய வாசற்கதவருகே மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தார்.

"நான் மட்டும் இல்லேன்னா அந்த வண்டி இன்னும் அங்கயேதான் நின்னுருக்கும்," என்றார். "மேல என்ன தெரிஞ்சுது?"

டிராம் அவரை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆறு தெரிஞ்சுது," என்றாள் தியோலிந்தா. "எழுந்திருங்க. வீட்டுக்கு நடந்தே போகலாம்."