வாளியில் காய்த்த முதற்பலன்

தமிழர்கள் பிழைக்கப் போய்க் குடியேறிய வடக்கத்தி ஊரான போபோடியில் பிறந்து போபோடியிலேயே வாழ்க்கைப்பட்ட கிளாரிசாவுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, சந்துக்குள் மாடியில் ஓர் அறை, வாசலில் ஒரு ஆள் ஒதுங்கி நடக்கிற நடைபாதை. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் எல்லோரும் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். விளைச்சலாவது ஒன்றாவது! முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை மண்டியில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் அடுக்குகிறவர்கள். கிளாரிசாவும் வருஷா வருஷம் அதைத்தான் செய்தாள், கூச்சப்பட்டுக்கொண்டே.

இந்த வருஷம் அவள் கணவர் ஸ்டீபனுக்கு உணவுக்குழாயில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் பொருத்தனை செய்தாள். 'என் கையால் விளைவித்த முதற்பலனை உமக்கே கொண்டுவருகிறேன் ஆண்டவரே, இவரை மட்டும் விட்டுவையும்.'

முழங்காலுக்கு மேல் வளராத குட்டைத் தக்காளி நாற்றை நர்சரியில் காட்டினார்கள். பந்தலும் வேண்டாம், பாத்தியும் வேண்டாம், வாளியே போதுமாம். பழைய பெயின்ட் வாளிகளின் அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டாள். செம்மண்ணும் தேங்காய்நார்த் தூளும் சாண உரமும் கலந்து நிரப்பினாள். நடைபாதையில் வெயில் காலையில் கொஞ்ச நேரம்தான் எட்டிப்பார்க்கும். அது நகர நகர இவளும் வாளிகளை நகர்த்துவாள். கட்டிலில் கிடந்தபடி ஸ்டீபன் கதவு வழியே அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

செடிகள் அவளை ஏமாற்றவில்லை. அந்தக் குட்டை ரகம் ஒன்றிரண்டாகக் காய்த்துக்கொண்டிருக்காது. மொத்தமாகக் காய்த்து, மொத்தமாகப் பழுத்து, அத்தோடு ஓய்ந்துவிடும். பண்டிகைக்கு முந்தைய வாரம் அத்தனையும் ஒன்றாகச் சிவந்தன. கஞ்சித் தண்ணீரைக்கூட வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத் தாமாக வாய் திறந்தார்.

“ஏட்டி, அதுல ஒண்ணு பறிச்சித் தாயேன். சாறு போதும்.”

கிளாரிசா கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். “அது ஆண்டவருக்கு நேந்ததுல்லா? உங்களுக்காகத்தானங்க நேந்திருக்கேன். ஞாயித்துக்கெழம கொண்டு வச்சிருதேன். மிச்சம் அம்புட்டும் உங்களுக்குத்தான்.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்து கைவிட்ட பிறகு அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கைத்தான். அதையும் உடைத்துவிட்டு எங்கே போவாள்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. தெருவில் காய்கறி விற்றுவந்த பாஜிவாலாவிடம் தக்காளி வாங்கிப் பிழிந்து, வாளியில் பறித்ததுதான் என்று ஒரு கரண்டி ஊட்டினாள். பாவி மகள், அவர் கதவுப் பக்கமே கண் வைத்துப் படுத்திருந்ததை மறந்துபோனாள்.

“இது நம்மது இல்லட்டி” என்றார் ஸ்டீபன். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரோஹிணியைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு, ஒரு சின்னக் கூடையோடு போனாள். காணிக்கைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த மெர்வின் தக்காளியைப் பார்த்து வாயைப் பிளந்தான். “நம்ம வீட்டுலயே வெளஞ்சதாக்கா? அண்ணன் சாப்ட்டாங்களா?”

“கேட்டாங்க. இங்க வைக்காம எப்படித் தம்பி குடுக்கது?”

மெர்வினின் முகம் மாறிவிட்டது. “ஐயோ அக்கா! குடுத்திருக்கலாமே. சீக்காளி கேட்டு ஒண்ணு குடுத்தா ஆண்டவர் கோவிச்சுக்கவா போறாரு?”

இத்தனை லேசான பதில் இருந்திருக்கிறது. அதை அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. கூடையை அப்படியே வைத்துவிட்டு, முதல் பாட்டு முடியுமுன் வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல், இருந்ததிலேயே நன்றாகப் பழுத்ததைப் பறித்துப் பிழிந்தாள். கரண்டியை அவர் உதட்டில் வைத்தாள். “இது நம்மதுதாங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தான கெடந்தீங்க, இப்பத்தான் பறிச்சேன்.”

ஸ்டீபன் அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. சாறு தாடை வழியே வழிந்து தலையணையை நனைத்தது. முடியவில்லையா, மனமில்லையா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டாள். பொழுது சாய்வதற்குள், பதில் சொல்ல அவர் இல்லை.