கொதிக்கிற வண்டிக்கு ஒரு நாள் வைத்தியம்

எஞ்சின் கொதிக்கிறது என்று வருகிறவன் தான் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகப்பட மாட்டான், மெக்கானிக்கைத்தான் சந்தேகப்படுவான். பழைய வண்டி வாங்கி மாரடித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் பெரம்பலூரில் ஒரு கீற்றுக் கொட்டகைதான் என் பட்டறை. யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை. கை வெந்து வெந்து வந்தது.

மேலே சூடு, கீழே ஜில்

செபஸ்தியான் வரதராசன்பேட்டைக்காரர். சொந்த வாடகைக் கார். அரியலூர் ஸ்டேஷனுக்கும் பெரம்பலூருக்கும் சவாரி. அஞ்சு மைலுக்கு ஒரு தடவை கொதிக்கிறது என்று கொண்டுவந்தார். விசிறி பெல்ட் இறுக்கமாக இருந்தது. தண்ணீர் பம்பும் ஒழுங்காகச் சுற்றியது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தேன். மேலே தொட முடியவில்லை. கீழ்ப்பாதி ஜில்லென்று இருந்தது. உள்ளே குழாய்கள் அடைத்துக்கொண்டுவிட்டன. அரியலூர்க் கிணற்றில் வருவது சுண்ணாம்புத் தண்ணீர்; காயக் காயக் குழாயில் படிந்துவிடும். சொன்னேன். சிரித்தார்.

"அந்தத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது. மனுசன் அடைச்சா போயிட்டான்?"

மூணு நாளா, ஒரு நாளா

ரேடியேட்டரைக் கழற்றி, சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, அலசி, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஓட்டை தெரிந்தால் ஈயம் வைத்து அடைக்க வேண்டும். மூணு நாள் கேட்டேன். செபஸ்தியான் ஒத்துக்கொள்ளவில்லை. செட்டிகுளத்தில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போனதால், வலி எடுத்ததும் திருச்சிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவர்கள் சொல்லி வைத்திருந்தது இவர் காரை. "எந்த நேரமும் ஆள் வரும். ஒரு நாளுக்கு மேல நிக்காது" என்றார். கத்தினேன், அவரும் கத்தினார். தொலையட்டும் என்று ஒரு நாளுக்கு ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டிப் போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். சுண்ணாம்பு போன இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீ பேசின ஒரு நாளுக்கு இவ்வளவுதான்யா வேலை. வண்டிய எடு!" கேழ்வரகு மாவை உள்ளே போட்டால் வெந்து ஓட்டையை அடைக்கும் என்பது டிரைவர்களின் கைவைத்தியம். அது ஓட்டையோடு நிற்காது, குழாயையும் அடைக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"எடுக்குறேன். எங்க வூட்டுல கேவுரு மாவு இருக்கு. ஒன் ஈயத்த நீயே வச்சுக்க."

பாடாலூர் தாண்டி

வண்டி என் பட்டறைக்கு வந்த அஞ்சாம் நாள் காலையில் செட்டிகுளத்தில் வலி எடுத்தது. பாடாலூர் தாண்டியதும் எஞ்சின் கொதித்தது. அவசரத்தில் செபஸ்தியான் அதில் பச்சைத் தண்ணீரைக் கொட்ட, எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது. மாட்டு வண்டியில் கொஞ்ச தூரம், கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் மீதி. ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

இருபது நாள் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் பட்டறைக்கு வந்தார். கட்டி இழுத்து வந்த கார் அங்கேதான் கிடந்தது. ரேடியேட்டரை வெட்டிக் காட்டினேன்; குழாய்க்குள் மாவு களிக்கட்டியாய் இறுகிக் கிடந்தது. "மூணு நாள் கேட்டீங்களாமே. குடுத்திருந்தா ஓடியிருக்குங்களா?" என்றார். ஓடியிருக்கும் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. விரலை மடக்கி எண்ணினார்.

"வலி வந்தது அஞ்சாம் நாளுதானுங்களே."

பேரத்தில் ஒருத்தனுக்கும் இறங்காதவன் என்று பெயரெடுத்த நான், என் ஆயுசில் இறங்கிக் கொடுத்தது அந்த ரெண்டு நாளைத்தான்.