அத்தான் ஓட்டிய காலி வண்டி

பிரதமர் வெளியே கிளம்பினால் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வண்டிகள் கிளம்பும். ஒன்றில் அவர் இருப்பார், மற்றது காலி. குண்டு வைக்க நினைப்பவன் குழம்பிப்போய்க் காலி வண்டிக்கு வைத்துவிட்டால் நல்லது என்பது மேலிடத்தின் யோசனை. அந்த வண்டியை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். காலி என்று சொன்னவர்கள் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "பின் சீட்டுல உக்காந்து தொணதொணன்னு வழி சொல்ல ஆளில்ல. இதைவிட நல்ல வேலை எங்க கிடைக்கும்?" என்பார். ஆளில்லாத வண்டி என்று எடையை வைத்துத் தெரிந்துவிடக் கூடாதென்று பின்னால் மணல் மூட்டை வைத்திருப்பார்கள். அப்படியே ஓட்டிப் பழகிய மனுஷன், ஒருமுறை சிநேகிதர் காரை வாங்கிக்கொண்டு எங்கள் அம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். அம்மா பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டு மறுபக்கம் சுற்றி வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். வீட்டு வாசலில் "இறங்குங்க அத்தை" என்று கதவைத் திறந்தால் பெட்டி மட்டும் இருக்கிறது. அம்மா டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்து, "பெட்டியாவது சௌக்கியமா வந்துச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வராது. அவர் ஷூவை மாட்டும்போதே அவள் முகம் சுண்டிவிடும். வேலை முடிந்தது என்று அவர் போன் செய்கிறவரை அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

"வேற வேலை மாத்திக் கேளுங்களேன்."

"கேட்டா பயமான்னு கேப்பாங்க."

"ஆமா, பொண்டாட்டிக்குப் பயம்னு சொல்லுங்க."

இத்தனைக்கும் அவள் பிரதமரின் கட்சிக்கு உயிரை விடுகிறவள். தேர்தல் வந்தால் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்பாள்.

பிறகு பிரதமருக்கு இறங்குமுகம் ஆரம்பித்தது. விலைவாசி ஏறியது. மகன்மேல் ஊழல் வழக்கு வந்தது. கூட்டணிக் கட்சிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அவர் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் கேட்டுச் சண்டை போட்ட மந்திரிகள் இப்போது அவர் போனையே எடுப்பதில்லை. "வண்டியைத் திருப்ப வாசல்ல தாராளமா இடம் இருக்கு" என்றார் அத்தான்.

நம்பிக்கை வாக்கெடுப்பை நானும் அக்காவும் டிவியில் பார்த்தோம். பிரதமர் தோற்றார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து, "அழாதீங்க, அடுத்த தேர்தல்ல ஜெயிச்சுடலாம்" என்று முதுகைத் தடவினாள். அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிக்கவே வேணாங்க" என்றாள்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எங்கள் அளவுக்குச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிரதமர் அரசாங்க வீட்டைக் காலி செய்தபோது ஒரே ஒரு வண்டிதான் அனுப்பினார்கள். அது அத்தானுடையது. அதுவரை பிரதமர் அதில் ஏறியதே இல்லை.

"வழியெல்லாம் பேசவே இல்ல" என்று அத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். "இறங்கறப்ப, 'அந்த இன்னொரு வண்டி நீதானா?'ன்னு கேட்டார். ஆமாங்கய்யான்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இனிமே பயமில்லன்னு வீட்ல சொல்லு'ன்னார்."

அக்கா அவர் கழற்றிய ஷூவை எடுத்து ஓரமாக வைத்தாள். "நல்ல மனுஷன். கொஞ்சம் முன்னாடியே தோத்திருக்கலாம்" என்றாள்.

புதிய பிரதமர் தனக்கு வேண்டிய டிரைவர்களை அழைத்து வந்துவிட்டார். அத்தானை அலுவலக ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். அந்தச் செய்தியோடு அவர் வந்த அன்று அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போதுதான் கேட்டாள்.

"இனிமே அந்த இன்னொரு வண்டியை யாரு ஓட்டுவாங்க?"

"ஒரு சின்னப் பையன். கெட்டிக்காரன். சாவியை அவன்கிட்டதான் கொடுத்தேன்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"போன மாசம்."

அக்கா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவங்க வீடு எங்கன்னு கேட்டு வைங்க" என்றாள். "பகல்ல அந்தப் பொண்ணு தனியா இருப்பா. போய் உக்காந்துட்டு வரேன்."