அந்தப் பெயரைச் சொல்லாதே, குளவி

முதலில் என் கழுத்து வலியைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலையிலிருந்து நான்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் முதுகுக்கூடை நிறைய மக்காச்சோளம். எங்கள் ஊரில் கூடையின் வாரை நெற்றியில் மாட்டித்தான் சுமப்போம். நான்காவது நடை முடிந்தபோது பிடரியில் ஆணி இறங்கியதுபோல் இருந்தது. தலையை எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேட்ட பலபேர் அசதியில் தூங்கியிருப்பாய், கனவு கண்டிருப்பாய் என்கிறார்கள். அந்த வலியோடு அவர்கள் ஒருநாள் தூங்கிக் காட்டட்டும். நான் விழித்துத்தான் இருந்தேன். நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் அனேஸ். நாங்கள் திபெத்துக்காரர்கள். பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து கத்தோலிக்கர்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் கோயில் மணி. அந்தப் பக்கம் மலைமேல் புத்த மடம். கல்யாணம், சந்தை, கோவேறு கழுதை வியாபாரம் எல்லாம் கலந்துதான். செத்தபிறகு என்ன என்பதில் மட்டும் கலப்பு கிடையாது. அவர்கள் கணக்கில் நாற்பத்தொன்பது நாளில் உயிர் இன்னொரு வயிற்றைத் தேடிப் போய்விடும். அதனால் செத்தவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் போகிற உயிர் திரும்பிப் பார்க்குமாம். எங்கள் வழி நேர் எதிர். செத்தவர் மோட்சம் போகும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடப்பார். நாங்கள்தான் பெயர் சொல்லிச் செபிக்க வேண்டும். சொல்ல ஆளில்லாத ஆத்துமா பாவம்.

என் அண்ணன் சக்காரி. 2011 மார்ச்சில் கீழ் ஆற்றில் அணைக்கட்டு வேலைக்குப் போனான். ஜூன் 14-ஆம் தேதி அங்கே மலை சரிந்தது. பதினோரு பேர். எட்டு உடல் கிடைத்தது. கிடைக்காத மூன்றில் அண்ணன் ஒருவன். ஆறு கொண்டுபோய்விட்டது என்று மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். பெட்டிக்குள் அவன் சட்டையை வைத்துப் புதைத்தோம். அன்றிலிருந்து தினம் மாலை ஆறரைக்கு நானும் அம்மாவும் அவன் பெயரில் செபமாலை சொன்னோம். ஐந்து வருடம். காய்ச்சலிலும் விட்டதில்லை.

விட்டது 2016 ஜூலை 9.

அன்று சனிக்கிழமைச் சந்தை. எதிர்மலைக்காரர் செவாங் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் பெயர் தெண்டுப். நான்கு வயது. தோளிலிருந்து வழுக்கி இறங்கி நேராக ஓடிவந்து என் அம்மாவின் பாவாடையைப் பிடித்தான்.

“அம்மா, என் கத்தி கொட்டில் உத்தரத்து மேல கெடக்கு. துருப்பிடிச்சிரும்.”

பையனையும் செவாங்கையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அண்ணன் கத்தி. அது அங்கே இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நான் இறங்கும்போது பையன் ஏணிக்கடியில் நின்று சிரித்தான்.

“பாத்து எறங்கு, குளவி.”

அண்ணன் மட்டும்தான் என்னைக் குளவி என்பான். அவன் போனபிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்கியதே இல்லை.

அம்மா பையனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவன் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒன்று கேட்டான்.

“சாயங்காலம் சாயங்காலம் என் பேரச் சொல்றீங்கல்ல... அத நிறுத்திருங்க. எனக்கு வலிக்குது.”

செவாங் முகம் வெளுத்துவிட்டது. “எங்களுக்கும் பயந்தான் அக்கா,” என்றார் என்னிடம். “மடத்து லாமாகிட்ட கேட்டேன். பேசறதெல்லாம் மறுபிறவி இல்ல, அவசரப்படாதன்னுட்டார்.”

அம்மா அவசரப்பட்டாள். அன்று மாலையே செபமாலையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

உபதேசியார் பர்த்தொலோ கேள்விப்பட்டு வந்தார். சாமியார் வருடத்துக்கு இரண்டு தடவைதான் எங்கள் பக்கம் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் நடத்துவது இவர்தான். பிழைப்புக்கு லாரி ஓட்டினார். அம்மாவிடம்தான் பேசினார்.

“மதலேனாக்கா, சாவுங்கறது ஒரே ஒரு தடவை ஏறுற வண்டி. எறங்குற எடத்துல ஆண்டவர் நிக்கறார். பாதியில எறங்கி வேற வண்டி மாறுற சோலியெல்லாம் நமக்குக் கெடையாது.”

“ஒனக்கு லாரிய விட்டா என்ன தெரியும்?”

“பொணம் ஏத்திட்டுப் போயிருக்கேன். ஒன்னுகூடத் திரும்பி வந்து வாடகை கேக்கல.”

“கத்திய யார் காட்டுனா? பையன் பொறந்தது மே மாசம். நாப்பத்தொம்பது நாளக் கழிச்சுப் பாரு, கணக்கு நூல் பிடிச்ச மாதிரி வருது.”

“கணக்கு எவனுக்கும் வரும். நம்மளக் காலகாலமாப் பாத்துக்கிட்டிருக்கற அசுத்த ஆவிக்கு நம்ம கணக்கு தெரியாதா?”

அம்மா கதவைச் சாத்தினாள். எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அது அண்ணன்தான் என்றால் அவனுக்கு வலிக்கும்படி நான் எப்படிப் பெயர் சொல்வது? அண்ணன் இல்லை என்றால், அவன் எங்கோ தனியாகக் கிடக்கிறான். அவனுக்கென்று ஒருவாய்ச் செபம் இல்லை.

நவம்பர் 2. புதன்கிழமை. கல்லறைத் திருநாள்.

செவாங்கும் அவர் மனைவியும் டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. பையனை ஒரு ராத்திரிக்கு எங்களிடம் விட்டார்கள். ஐந்தரைக்கு ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியது. அம்மா கையில் ஒன்றுதான் இருந்தது. அப்பாவுக்கு.

“அண்ணனுக்கும்மா?”

“உசுரோட என் அடுப்படியில உக்காந்து ரொட்டி திங்கறவனுக்கு எதுக்குடி மெழுகுவத்தி?”

என் கழுத்து நிலையைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இரு என்றாள். பர்த்தொலோ வாசலில் ஒரு நிமிடம் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“தனியா இருக்கப்போற. ஒன்னு கேட்டுப் பாரு. ஒங்கண்ணனுக்குத் தெரிஞ்சதக் கேக்காத. தெரிய வழியே இல்லாததக் கேளு. தெரியலன்னு சொன்னான்னா ஒங்கண்ணனா இருக்கலாம். சொல்லிட்டான்னா...”

மீதியைச் சொல்லாமல் போய்விட்டார்.

6.10. அடுப்பங்கரையில் நானும் பையனும். எனக்கு நேரெதிரே சுவர்க் கடிகாரம். தலை திரும்பாததால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லும் மணி எல்லாம் அதில் பார்த்தது. பையன் என் இடது பக்கம், வால்நட் கூடையோடு இருந்தான்.

டக்.

அண்ணன் இரண்டு வால்நட்டை ஒரே கையில் வைத்து இறுக்கி உடைப்பான். அதே சத்தம். நான்கு வயதுப் பையனின் உள்ளங்கையில் இரண்டு கொட்டை அடங்குமா? நான் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

டக்... டக்.

6.24. சத்தம் நின்றது. பையன் கம்பளிமேல் சாய்ந்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டான்.

6.31.

டக்.

கழுத்து வராது. இடுப்போடு சேர்த்து உடம்பைத் திருப்பினேன். பையன் கட்டை விரலை வாயில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கை கம்பளிக்குள்.

டக்.

“குளவி.”

அண்ணன் குரல். முப்பது வயது ஆம்பளையின் குரல். பையன் வாயில் விரல் அப்படியே இருந்தது... உதடு அசையவில்லை.

ஓடியிருக்கவேண்டும். கால் வரவில்லை. பர்த்தொலோ சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டேன்.

“சாம்பக் கழுத எப்படிச் செத்துச்சு?”

அது ஏப்ரல் 2011. அண்ணன் அணைக்கட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மலைவிளிம்புப் பாதையில் நானும் கழுதையும் மட்டும். கால் வழுக்கி விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அண்ணனுக்கும் போனில் அதையேதான் சொன்னேன். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“வழுக்கல,” என்றது. “நீ அடிச்ச. மூணாவது அடியில போச்சு.”

நான் பையன் வாயையே பார்த்தேன்.

“அப்புறம் எட்டிப் பாத்து சிரிச்ச.”

சிரித்தேன். உண்மை. பயத்தில் வந்த சிரிப்பு அது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அதைச் சொன்னதில்லை.

“நீ... எங்க இருந்த?”

“பக்கத்துலதான்.”

6.41. இரண்டு முட்டியாலும் நகர்ந்து போய் ஆணியிலிருந்த செபமாலையை எடுத்தேன். மணிகள் ஐஸ்போல் இருந்தன. அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். நான்கு மாதத்தில் முதல் தடவை.

“சொல்லாத, குளவி. வலிக்குது.” அண்ணன் குரல் அழுதது.

முதல் மணி.

“நிறுத்தும்மா.” இது அப்பா குரல். அப்பா போய்ப் பதினாறு வருடம்.

இரண்டாவது மணி. மூன்றாவது.

அடுப்பில் தீ எரிகிறது. சூடு இல்லை.

நான்காவது மணி.

“போதும். நிறுத்து.”

அது என் குரல்.

என் குரலேதான்... என் காதுக்குப் பக்கத்தில்.

நிறுத்திவிட்டேன்.

6.49.

சத்தமே இல்லை.

6.50.

6.51.

6.52. யாரோ பெருமூச்சு விட்டார்கள். கூலி வேலை முடிந்து கூடையை இறக்கும்போது விடுவோமே... அந்த மாதிரி.

“முடிஞ்சுது.”

பையன் அலறிக்கொண்டு எழுந்தான். என்னைப் பார்த்து இன்னும் அலறினான். “யாரு நீ? எங்கம்மா எங்க?” என்றான். சின்னப் பையன் குரல். ஏழேகாலுக்கு என் அம்மா வந்து தூக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டான்.

“சக்காரி, நான்தான்டா.”

“நான் தெண்டுப்பு.”

வால்நட் கூடையைப் பார்த்தேன். ஒரு கொட்டைகூட உடைந்திருக்கவில்லை. தரையில் ஒரு ஓட்டுத் துண்டு இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சந்தையில் பார்த்தால் மற்ற பிள்ளைகளைப் போலத்தான் ஓடுகிறான்.

நான் நடுங்குவது அன்று நடந்ததற்காக இல்லை.

2017 மார்ச்சில் ஒரு லிசு இனத்துப் பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கீழ் ஆற்றில் ஒரு டவுன். அங்கே கேட்பாரற்றவர்களுக்கான விடுதியில் துப்புரவு வேலை செய்கிறவள். அவளும் கிறிஸ்தவள்தான். கோயில் கோயிலாக ஒரு போட்டோவைக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். பர்த்தொலோ அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

போட்டோவில் அண்ணன். தலை நரைத்து, கன்னம் ஒட்டி.

2011 ஜூன் மாதக் கடைசியில் மணல் அள்ளுகிறவர்கள் அவனை ஆற்றோரம் கண்டெடுத்தார்களாம். இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. பேச்சு இல்லை. அடையாளத் தாளும் இல்லை, பெயரும் இல்லை. ஐந்து வருடம் அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறான்.

“சாயங்காலமானா வெரல் விட்டு எண்ணுவாரு,” என்றாள் அவள். “பத்து எண்ணுவாரு. நிறுத்துவாரு. மறுபடி பத்து. மத்தவங்க பைத்தியம்னாங்க. நானும் ஜெபம் பண்றவதானே, அது ஜெபம்னு பட்டுச்சு.”

“எப்ப?” என்றேன்.

“தெனம் ஆறரைக்கு. போன ஜூலை வரைக்கும். ஜூலையில ஒரு நாள் சும்மா நிறுத்திட்டாரு. அப்புறம் செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்தவருதான்... சாகற அன்னிக்கு மட்டும் மறுபடி கையத் தூக்கி எண்ணுனாரு. நாலு எண்ணுனாரு. கை விழுந்துருச்சு.”

விடுதித் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இறந்த தேதி, நேரம் எல்லாம் எழுதியிருந்தது.

2016 நவம்பர் 2. மாலை 6.52.

என் அடுப்பங்கரையில் அண்ணன் குரலில் அது பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் உயிரோடு இருந்தான். தெண்டுப் பிறந்தபோதும் உயிரோடுதான் இருந்தான். அது யார், அதற்கு என்ன வேண்டியிருந்தது, எனக்குத் தெரியாது. பர்த்தொலோவும் தெரியாது என்றுதான் சொன்னார். அம்மா அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆறரை ஆனால் அவளே ஆணியிலிருந்து செபமாலையை எடுக்கிறாள். என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போது நாங்கள் சொல்வது செத்தவனுக்கான செபம். அது வேறு கணக்கு. ஜூலை 9-லிருந்து நவம்பர் 2 வரை நூற்றுப் பதினேழு நாள். உயிரோடு கிடந்த என் அண்ணனுக்கு, அவன் பெயர் சொல்லி, நூற்றுப் பதினேழு செபமாலை நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது கடைசி நாளில் செபமாலையின் நான்கு மணிதான். மிச்சம் அத்தனையும் நான் அவனுக்குத் தரவேண்டிய கடன்.