பச்சை அம்பாசடரின் பின்கதவு

பழைய கார்களின் சின்னஞ்சிறு உலோக மாதிரிகளைச் சேர்ப்பவன் நான். ஒவ்வொன்றுக்கும் நிறம், ஆண்டு, வாங்கிய தேதி என்று நோட்டில் எழுதி வைப்பேன்.

சென்ற ஐப்பசியில், பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு முத்தையா அண்ணாச்சி குடிவந்தார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு பச்சை அம்பாசடரின் புகைப்படம் மாட்டியிருந்தது. பார்த்ததும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். உள்ளங்கை அளவு மாதிரி ஒன்றைத் தேடி வாங்கி, அதே பச்சையைப் பூசி, அதே எண்ணையும் எழுதினேன். பொங்கலன்று அதை அவர் மனைவி கையில் கொடுத்தேன். அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அவரோ நகத்தால் பின்கதவை நெம்பிப் பார்த்தார்.

"தொறக்க மாட்டுக்கே தம்பி."

"இந்த அளவுல முன்கதவு மட்டுந்தான் தொறக்கும் மதினி. பின்னால இருக்கது வெறும் கோடு" என்று உற்சாகமாக விளக்கினேன்.

முத்தையா அண்ணாச்சி என் தோளைத் தொட்டார். "கால்வாய்க்குள்ள விழுந்த அன்னைக்கும் பின்கதவு தொறக்கல வே. எங்க பிள்ள உள்ளதான் இருந்தா."

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். காரை ஒட்டி இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாம செஞ்சுட்டேன் மதினி. எங்கிட்டயே குடுத்திருங்க."

"இருக்கட்டும்" என்றார் மதினி. கட்டைவிரல் அந்தக் கதவின் மேலேயே இருந்தது.

மூன்று மாதமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். காரின் எண் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் என் நோட்டில் இருக்கிறது. அவள் பெயரை அன்றுதான் கேட்டேன்.